ஹம்பிக்குப் பை கட்டுவது: எதை எடுக்கலாம், எதை வீட்டிலேயே விடலாம்

கேள்வி – 18 நவம்பர் 2024

டிசம்பர் கடைசி வாரம் குடும்பத்தோடு ஹம்பி போகிறோம். நாங்கள் இரண்டு பேர், அம்மா (68 வயது, முழங்கால் வலி உண்டு), பையன் (9 வயது). ஹம்பிக்கு ஒரு நாள் போதும் என்று அலுவலகத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். பாறையும் இடிந்த கோயிலும்தானே, அதற்கென்ன பெரிய தயாரிப்பு? பையில் என்ன வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும்.

18 நவம்பர், இரவு

ஒரு நாள் போதாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எத்தனை நாள் என்பதைப் பொறுத்துத்தான் பையே அமையும்.

ஹம்பி என்பது விஜயநகரம் என்ற தலைநகரத்தின் மிச்சம். 1336இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் நகரம், 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு சூறையாடப்பட்டுக் கைவிடப்பட்டது. ஆற்றங்கரையில் விருபாக்ஷர் கோயில் ஒரு பக்கம். சில கிலோமீட்டர் தெற்கே கமலாபுரத்தை ஒட்டி அரண்மனைப் பகுதி. வடகிழக்கே விட்டலர் கோயில். ஆற்றுக்கு அக்கரையில் ஆனேகுந்தி. ஒரே நாளில் இத்தனையும் என்றால் ஆட்டோவிலிருந்து இறங்கி ஏறுவதுதான் பயணமாக இருக்கும்.

உங்கள் அம்மா வருவதால் மூன்று பகல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு என்றாலும் சமாளிக்கலாம். மூன்று இருந்தால் மத்தியானம் படுத்து எழலாம்.

19 நவம்பர்

சரி, பை.

எனக்கு ஒரே கணக்குதான். அறையில் கிடக்கப்போகும் பெட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை. நாள் முழுவதும் தோளில் தொங்கப்போகும் பைதான் முக்கியம். பெட்டிக்குள் என்ன என்று மூன்று நாள் யோசித்துவிட்டு, தோள் பையைக் காலையில் கிளம்பும்போது அவசரமாகத் திணிக்கிறோம். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

தோள் பையில் முதல் இடம் தண்ணீருக்கு. தலைக்கு இரண்டு லிட்டர் என்று கணக்கு. டிசம்பர்தானே என்று குறைக்க வேண்டாம். காலையில் மெல்லிய ஸ்வெட்டர் கேட்கும், பத்து மணிக்கு மேல் அதே இடம் கொதிக்கும். வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. சுற்றிலும் கருங்கல் பாறைகள், வாங்கிய சூட்டை நம்மேல் திருப்பி விடுகின்றன. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கைந்து போட்டுக்கொள்ளுங்கள். வழியில் இளநீர் கிடைக்கும், ஆனால் தாகம் எடுக்கும் இடத்தில் கடை இருக்காது.

அகல விளிம்புத் தொப்பி அல்லது குடை. நான் குடைப் பக்கம். பெரியவர்களுக்கு அது நிழலும் ஆகும், இறக்கத்தில் ஊன்றுகோலும் ஆகும். மடக்குக் குடை வேண்டாம், நீளக் குடை.

ஒரு சின்ன டார்ச். அரண்மனைப் பகுதிக்குப் போகும் வழியில் தரைமட்டத்துக்குக் கீழே ஒரு சிவன் கோயில் இருக்கிறது, பிரசன்ன விருபாக்ஷர். உள்ளே நல்ல இருட்டு, மழைக்காலத்தில் தண்ணீரும் நிற்கும். செல்போன் விளக்கு இருக்கிறதே என்று நினைப்பீர்கள். படியில் இறங்கும்போது ஒரு கை பையன் கையைப் பிடித்திருக்கும், இன்னொரு கை அம்மாவைப் பிடித்திருக்கும். டார்ச்சை அம்மா பிடிக்கட்டும்.

வீட்டில் பைனாகுலர் இருந்தால் கட்டாயம் எடுங்கள். பறவைக்காக இல்லை. விருபாக்ஷர் கோயில் ரங்க மண்டபத்தின் விதானம் முழுக்க ஓவியம். விஜயநகர அரசர்களின் குரு வித்யாரண்யரைப் பல்லக்கில் வைத்துத் தூக்கிப்போகும் ஊர்வலம், சிவன் பார்வதி கல்யாணம், அர்ஜுனன் மீனைக் குறிபார்க்கும் காட்சி எல்லாம் அங்கே இருக்கின்றன. வெறும் கண்ணால் பார்த்தால் நிறங்கள் மட்டும்தான் தெரியும். அந்த மண்டபத்தில் ஐந்து நிமிடம்கூட நிற்காமல் போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது.

19 நவம்பர், சற்றுப் பிறகு

பிளாஸ்டிக் கவர் வேண்டாம். கோயிலைச் சுற்றிக் குரங்குகள் நிறைய. கையில் கவர் தொங்கினால் அதில் சாப்பாடு இருக்கும் என்று அவற்றுக்குத் தெரியும். வாழைப்பழம், பிஸ்கட் எதுவானாலும் ஜிப் போட்ட பைக்குள்.

21 நவம்பர்

செருப்பா ஷூவா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். மதங்க மலையோ ஆஞ்சநேயாத்ரியோ ஏறுகிறவர்களுக்குப் பிடிமானம் உள்ள ஷூ வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. மதங்க மலையில் சில இடங்களில் பாறையில் வெட்டிய படிகள்தான், காலை இருட்டில் சூரிய உதயத்துக்காக ஏறுகிறவர்களுக்கு வழுக்கும். அதையும் தனியாகப் போய் ஏறாதீர்கள்.

மற்றபடி பின்னால் பட்டை வைத்த சாண்டல் நல்லது. பூஜை நடக்கும் விருபாக்ஷர் கோயிலில் காலணியைக் கழற்ற வேண்டும், குனிந்து நாடா அவிழ்ப்பது முழங்கால் வலிக்காரர்களுக்குத் தண்டனை. கூடவே பழைய பருத்தி சாக்ஸ் ஒரு ஜோடி. மத்தியானம் அந்த முற்றத்துக் கல்லில் வெறுங்காலோடு நடக்க முடியாது.

புதுச் செருப்பு, புது ஷூ எதுவும் வேண்டாம். இப்போதே வாங்கி ஒரு மாதம் போட்டுப் பழக்குங்கள்.

23 நவம்பர்

பையில் வைக்க முடியாத ஒரு பொருளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. போவதற்கு முன் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய தயாரிப்பு.

அரண்மனைப் பகுதியில் அடிக்கடி காதில் விழும் கேள்வி, "அரண்மனை எங்கே?" என்பது. கண்ணுக்கு எதிரே வரிசை வரிசையாகக் கல் அடித்தளங்கள். அவைதான் அரண்மனைகள். மேலே இருந்த கட்டடங்கள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை, 1565இல் எரிந்தன. இந்த ஒரு வரி தெரிந்தால் போதும், வெறும் மேடை என்று கடந்துபோகிற இடத்தில் நின்று தூண் இருந்த குழிகளைத் தேட ஆரம்பிப்பீர்கள். மகாநவமி திப்பா என்ற பெரிய மேடைமீது ஏறினால் அந்த அடித்தளங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நகரமாகத் தெரியும். போர்ச்சுகீசியப் பயணி டொமிங்கோ பயஸ் 1520 வாக்கில் இங்கே வந்து, பார்வைக்கு ரோம் நகரம் அளவு பெரியது என்று எழுதிவைத்தார். அவர் நவராத்திரி விழாவை விவரித்த பகுதியை வாசித்துவிட்டு அந்த மேடையின் பக்கவாட்டுச் சிற்பங்களைப் பாருங்கள். யானை, குதிரை, ஆட்டக்காரிகள், வெளிநாட்டு வியாபாரிகள் எல்லாரும் கல்லில் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு வசதி. நமக்கு இந்தக் கட்டடக்கலை புதிதில்லை. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தை 1509இல் எழுப்பியவர் கிருஷ்ணதேவராயர். திருவண்ணாமலை ராஜகோபுரத்தைத் தொடங்கியவரும் அவரே. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கதையைத் தெலுங்கில் காவியமாகப் பாடியவரும் அவரே. மதுரை சுல்தான்களின் ஆட்சியை முடித்த குமார கம்பணர் இந்த விஜயநகரத்து இளவரசர், அந்தப் படையெடுப்பை சமஸ்கிருதத்தில் பாடியவர் அவருடைய மனைவி கங்காதேவி. யாளித் தூண்களைச் சின்ன வயதிலிருந்து சாய்ந்து நின்று பார்த்தவர்கள் நாம். அவற்றைக் கட்டச் சொன்ன ராஜாக்களின் ஊருக்குப் போகும்போது வெறும் கையோடு போகலாமா?

பயஸ் எழுதியதில் சில பக்கங்கள், ராயர்களின் வம்சாவளி ஒரு பக்கம், நல்ல வரைபடம் ஒன்று. இவ்வளவும் அச்செடுத்து மடித்து வைத்தால் பாக்கெட்டில் அடங்கும்.

24 நவம்பர்

போக்குவரத்து பற்றிச் சுருக்கமாக. பெங்களூரில் இரவு ஹம்பி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் ஹோசபேட்டை. அங்கிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர், பஸ்ஸும் உண்டு, ஆட்டோவும் உண்டு. உங்கள் வாரம் விடுமுறை வாரம், டிக்கெட் இன்றைக்கே பாருங்கள். அம்மாவுக்குக் கீழ் பெர்த் கிடைக்க மூத்த குடிமக்கள் பிரிவில் போடுங்கள்.

தங்குமிடம்: இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளை நம்பாதீர்கள். கோயிலுக்கு எதிரே கடைவீதி மண்டபங்களில் இருந்த கடைகளும் வீடுகளும் 2011இல் இடிக்கப்பட்டன. அக்கரையில் விருபாபுர கட்டெயில் இருந்த விடுதிகள் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2020இல் அகற்றப்பட்டன. அந்த விடுதிகளைப் பரிந்துரைக்கும் பக்கங்கள் இன்னும் இணையத்தில் இருக்கின்றன. உங்களுக்குக் கமலாபுரம் சரியாக இருக்கும், கர்நாடக சுற்றுலாத்துறையின் மயூரா புவனேஸ்வரி விடுதி அங்கேதான். அரண்மனைப் பகுதியும் அருங்காட்சியகமும் பக்கம், மத்தியானம் அறைக்கு வந்து ஓய்வெடுக்கலாம்.

27 நவம்பர்

அம்மாவைக் கூட்டிப்போவது பற்றி விரிவாகக் கேட்டீர்கள். முழங்கால் தேய்ந்த என் அப்பாவோடு நான் ஹம்பியில் சுற்றியிருக்கிறேன், அதனால் இதில் கொஞ்சம் உறுதியாகப் பேச முடியும்.

தூரத்தைவிடப் படிகளின் உயரம்தான் பிரச்சினை. மண்டபங்களுக்கு ஏறும் கற்படிகள் நம் வீட்டுப் படிகளைவிட நல்ல உயரம், கைப்பிடியும் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் எல்லாவற்றிலும் ஏற வேண்டியதில்லை என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் "நீ இரும்மா, நாங்கள் பார்த்துவிட்டு வருகிறோம்" என்றால் அவர்களுக்கு வருத்தமாக இருக்கும். வீட்டிலேயே வரைபடத்தை விரித்து, இது உனக்கு, இது எங்களுக்கு மட்டும் என்று பிரித்துக்கொண்டால் அவர்களும் சேர்ந்து திட்டம் போடுவார்கள். என் அப்பா அப்படித்தான் ஹசார ராமர் கோயிலைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். தரைமட்டத்திலேயே சுற்றி வரலாம், சுவர் முழுக்க ராமாயணம். வெளிச்சுவரில் யானைகளும் குதிரைகளும் வரிசையாகப் போகும் ஊர்வலம். நாங்கள் மகாநவமி திப்பா ஏறி இறங்கி வருவதற்குள் அவர் வாலி வதம் வரை வந்திருந்தார், எங்களுக்கு அவர்தான் வழிகாட்டி ஆனார்.

தாமரை மஹால், யானைக் கொட்டில் (வரிசையாகப் பதினொரு அறைகள்) இரண்டும் சமதரை, புல்வெளி, மரநிழல். விட்டலர் கோயிலுக்கு வண்டி நிறுத்தத்திலிருந்து பேட்டரி கார் ஓடுகிறது, பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள்தான் ஓட்டுகிறார்கள். விடுமுறை நாளில் அதற்கு நீண்ட வரிசை நிற்கும், அதனால் காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். ஹேமகூடம் மெதுவாக ஏறும் பாறைச் சரிவு, முழுக்க ஏறாவிட்டாலும் பாதியில் உட்கார இடம் உண்டு. மதங்க மலையும் ஆஞ்சநேயாத்ரியின் ஐந்நூற்றுச் சொச்சம் படிகளும் வேண்டவே வேண்டாம்.

பையில் அம்மாவுக்கென்று: முழங்கால் பட்டை, வலிக்குத் தடவும் மருந்து, வழக்கமான மாத்திரைகள் கூடுதலாக இரண்டு நாளுக்கு, மடித்து வைக்கக்கூடிய சின்ன ஸ்டூல். ஸ்டூல் சுமை என்று தோன்றும். பேட்டரி கார் வரிசையில் நின்று பார்த்தால் அதன் அருமை தெரியும். கழிப்பறைகள், நுழைவு டிக்கெட் கொடுக்கும் இடங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், நடுவில் கிடைக்காது. இதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும் பழக்கம் நம் வீட்டுப் பெண்களுக்கு உண்டு. அதை மட்டும் அனுமதிக்காதீர்கள்.

30 நவம்பர்

நாள் வரிசை பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். விட்டலர் கோயிலுக்குக் காலை முதல் ஆளாக என்று எழுதினேன், அது இன்னும் சரிதான். ஆனால் வந்த அன்றைக்கே வேண்டாம். இரவு ரயிலில் தூங்கியும் தூங்காமலும் வந்து இறங்கியிருப்பீர்கள். அன்றைக்கு மத்தியானம் வரை தூங்கிவிட்டு, சாயங்காலம் விருபாக்ஷர் கோயிலும் ஹேமகூடமும் மட்டும். இரண்டுக்கும் தொல்லியல் துறை டிக்கெட் வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. விட்டலர் கோயிலுக்கு எடுக்கும் டிக்கெட்டையே தாமரை மஹால் வளாகத்திலும் கமலாபுரம் அருங்காட்சியகத்திலும் காட்டலாம், ஆனால் அதே நாளில் மட்டும். ஆகவே காலை விட்டலர், மத்தியானம் ஓய்வு, மூன்று மணிக்குமேல் தாமரை மஹால், நேரம் இருந்தால் அருங்காட்சியகம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. உங்கள் வாரத்தில் 27ஆம் தேதி வெள்ளி, பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஹம்பி நிலப்பரப்பின் பெரிய மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள், பையன் அதைச் சுற்றிச் சுற்றி வருவான்.

3 டிசம்பர்

விட்டலர் கோயிலில் தட்டினால் இசை எழும் இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்க விடுவார்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விட மாட்டார்கள். விடவும் கூடாது. எத்தனையோ வருஷமாக எத்தனையோ ஆயிரம் பேர் தட்டியதில் தேய்ந்த தூண்கள் அவை. யாராவது காவலாளிக்குப் பணம் கொடுத்துத் தட்டச் சொன்னால் தயவுசெய்து அதில் சேராதீர்கள். 2019இல் சில இளைஞர்கள் ஒரு கோயில் தூணைத் தள்ளிச் சாய்க்கும் வீடியோ பரவியது நினைவிருக்கும். அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு தூணை நிறுத்த எத்தனை பேர் எத்தனை நாள் உழைத்திருப்பார்கள்!

இதையொட்டிப் பையிலிருந்து எடுத்து வைக்க வேண்டியவை: டிரைபாட், டிரோன். இரண்டுக்கும் முன்அனுமதி வேண்டும், சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. பவர் பேங்க் வேண்டும். வரைபடத்தைச் செல்போனில் முன்பே இறக்கி வையுங்கள், பாறைகளுக்கு நடுவே சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு.

8 டிசம்பர்

பணம்: சில்லறை நோட்டுகள் நிறைய. பரிசல்காரர், இளநீர்க்காரர், செருப்பு வைக்கும் இடம் எல்லாவற்றுக்கும். வழிகாட்டி வைத்தால் அரசு அடையாள அட்டை உள்ளவராகப் பார்த்து, எந்தெந்த இடம், எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் மூன்றையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

பரிசல் ஓடுமா என்றால், அது துங்கபத்திரா அணையைப் பொறுத்தது. இந்த ஆகஸ்டில் அணையின் 19ஆம் மதகு அடித்துப் போனதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் தண்ணீர் திறந்தால் ஆற்றங்கரைப் புரந்தரதாசர் மண்டபமே மூழ்கும், பரிசலும் நின்றுவிடும். டிசம்பரில் ஆறு பொதுவாக அமைதியாக இருக்கும். ஆனாலும் அன்றன்றைக்குக் கரையில் கேட்டுவிட்டு ஏறுங்கள். பையனுக்கு லைஃப் ஜாக்கெட் கொடுக்காத பரிசலில் ஏறாதீர்கள். செல்போனுக்கு ஒரு ஜிப் கவர்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். இட்லி, தோசை எங்கும் கிடைக்கும். ஆனால் அங்கே போயும் இட்லியா? ஹோசபேட்டையில் ஜோள ரொட்டியும் (சோள மாவு ரொட்டி) எண்ணெய்க் கத்திரிக்காயும் சாப்பிடுங்கள். சாயங்காலம் மிளகாய் பஜ்ஜியும் மண்டக்கியும் (பொரி). கோயிலைச் சுற்றிய பகுதியில் அசைவமும் மதுவும் கிடையாது. அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளுமோ என்றால் புளிசாதம் முதல் நாளுக்குக் கட்டிக்கொள்ளுங்கள், ரயிலுக்கும் ஆகும்.

14 டிசம்பர்

பையனுக்கு என்ன எடுப்பது என்று கேட்டதற்கு இப்போதுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

ஒரு சின்ன நோட்டுப்புத்தகம், பென்சில், நீலநிற 50 ரூபாய் நோட்டு ஒன்று. அந்த நோட்டின் பின்பக்கம் இருப்பது விட்டலர் கோயில் கல்தேர். கையில் நோட்டைக் கொடுத்து, இதில் இருப்பதையும் நேரில் இருப்பதையும் ஒப்பிடச் சொல்லுங்கள். அப்புறம் நோட்டுப்புத்தகத்தில் இப்படிச் சில கேள்விகளை முன்பே எழுதிக் கொடுங்கள்:

தேருக்கு முன்னால் யானைகள் நிற்கின்றன, ஆனால் முதலில் அங்கே இருந்தவை வேறு மிருகங்கள். அவற்றின் மிச்சத்தைக் கண்டுபிடி. (யானைகளுக்குப் பின்னால் குதிரைகளின் பின்னங்கால்கள் தெரியும். தேரைத் தொட முடியாதபடி இப்போது தடுப்பு வைத்திருக்கிறார்கள், தள்ளி நின்றே தேடலாம்.)

லக்ஷ்மி நரசிம்மர் சிலையில் லக்ஷ்மி எங்கே? (மடியில் இருந்த லக்ஷ்மி சிலை உடைந்துபோய்விட்டது. 6.7 மீட்டர் உயர நரசிம்மரின் முதுகுப் பக்கம் அவள் அணைத்த கை மட்டும் இருக்கிறது.)

கடுகுப் பிள்ளையாரைப் பின்பக்கமாகப் போய்ப் பார், அவரை யார் மடியில் வைத்திருக்கிறார்கள்?

விருபாக்ஷர் கோயிலின் பின்புறம் ஓர் இருட்டறைச் சுவரில் கோபுரத்தின் நிழல் தலைகீழாக விழுகிறது. ஏன்?

கடைசிக் கேள்விக்கு ஊருக்குப் போகும் முன்பே வீட்டில் ஓர் அட்டைப்பெட்டியில் ஊசித்துளை போட்டு, எதிர்ப்பக்கம் எண்ணெய்த் தாள் ஒட்டி, ஜன்னலைப் பார்க்க வையுங்கள். என் அக்கா மகளுக்கு அப்படிச் செய்து காட்டினோம். கோயிலில் அந்தச் சுவரைப் பார்த்ததும் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் அவளே விளக்க ஆரம்பித்துவிட்டாள்.

19 டிசம்பர்

கடைசியாக வந்த கேள்விகளுக்கு மட்டும்.

ஸ்வெட்டர் வேண்டுமா? ஆளுக்கு ஒன்று, மெல்லியதாக. விடிகாலைக்கும் ரயிலுக்கும்.

வெள்ளைத் துணி? வேண்டாம், செம்மண்ணும் பாறைத் தூசியும் உட்கார்ந்த இடமெல்லாம் ஒட்டும். முழங்கால் மறையும் தளர்வான பருத்தி உடை, கோயிலுக்கும் அதுவே போதும்.

விருபாக்ஷர் கோயிலிலிருந்து ஆற்றோரமாக விட்டலர் கோயிலுக்கு நடக்கலாமா? நீங்களும் பையனும் நடங்கள், சுமார் இரண்டு கிலோமீட்டர், அச்சுதராயர் கோயில் பிரிவையும் ராஜா எடைக்கு எடை தானம் கொடுத்த துலாபாரக் கல் வளைவையும் கடந்து போகும் அருமையான வழி. பாதை முழுக்கப் பாறை என்பதால் அம்மா யாரோடாவது ஆட்டோவில் சுற்றிவரட்டும். காலையில் மட்டும் நடங்கள், இருட்டும் நேரத்தில் அந்தப் பக்கம் வேண்டாம்.

மூன்றாம் நாள் ஆனேகுந்தியா ஓய்வா என்று அம்மாவைக் கேட்டு முடிவு செய்யுங்கள். போவதென்றால் பைனாகுலரையும் குடையையும் மறக்க வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போது அடையாள அட்டை கேட்கலாம், நான்கு பேருடையதையும் ஒரே கவரில் வையுங்கள்.